லீவு யாரிடம் கேட்பது

பிறர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். சாஃப்ட்வேர் டெஸ்டர். இதையே வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்பது என் மாமியாரின் நெடுநாள் புகார். அந்தப் புகாரில் மட்டும் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

தச்சநல்லூரில் டைல்ஸ் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பதினேழு பேர் வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடவும் பில் போடவும் ஆன சாஃப்ட்வேர். முதலாளி கிருபைராஜ் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கொடுக்கிற சம்பளம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் கொடுப்பதும் இருக்கும். முப்பத்தோராயிரம். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் ஆற்றைத் தாண்டிப் போய் வந்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை காலை கொக்கிரகுளத்தில் வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஓரங்கட்டி எடுத்தேன்.

"அஸ்ஃபியா மேடமா? நான் வினோலியா, சென்னை கன்சல்டன்சில இருந்து பேசறேன். நீங்க செலக்ட் ஆயிட்டீங்க மேடம்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டு மாடியறையைப் பூட்டிக்கொண்டு மூன்று சுற்று இன்டர்வியூ கொடுத்திருந்தேன். கிடைக்காது என்று நினைத்து அதை மறந்தும் போயிருந்தேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

"எங்க மேடம் இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கே?"

"கொக்கிரகுளம்."

"ஐயோ அக்கா, நீங்க திருநவேலியா? எனக்குச் சொந்த ஊரு உவரில்லா!" மேடம் அந்த நொடியில் அக்கா ஆனாள். சென்னைத் தமிழும் அத்தோடு கழன்று விழுந்தது. "யோசிக்காதியக்கா. மாசம் எழுபத்தெட்டு. ஆறு மாசம் வீட்டுல இருந்தே வேல பாக்கலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

வேலை ஒரு வெளிநாட்டு வங்கிக்கு. வங்கி அதை ஒரு பெரிய ஐடி கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கிறது. பெரிய கம்பெனி ஆள் கேட்டு வினோலியாவின் கன்சல்டன்சிக்கு வந்திருக்கிறது. கன்சல்டன்சி என்னைப் பிடித்திருக்கிறது. ஒரு வருஷ கான்ட்ராக்ட், அப்புறம் தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். வேலையைச் சொல்வது ஒருவர், சம்பளம் போடுவது இன்னொருவர். இதையெல்லாம் அவள் விவரமாகத்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது எழுபத்தெட்டு மட்டும்தான்.

காரணம் இருக்கிறது. என் கணவர் சல்மான் ஃபாரிஸ் பதினான்கு வருஷமாகச் சவூதியில் இருக்கிறார். ஒரு பெரிய ஆலையில் ஸ்டோர் கீப்பர். ஆலையில் வேலையே தவிர, ஆலையின் ஆள் இல்லை. ஆலைக்கு ஆள் கொடுக்கிற சப்ளை கம்பெனியின் ஆள். பெண் கேட்டு வந்தபோது ஆலையின் பெயரைத்தான் சொன்னார்கள். தலையில் அந்தப் பெயர் போட்ட தொப்பியோடு ஒரு போட்டோவும் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்ததைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பார்த்தேன். இதற்காக நான் சண்டையெல்லாம் போடவில்லை. எங்கள் தெருவில் பாதி மாப்பிள்ளைகளின் தொப்பி ஒன்று, சீட்டு ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வருவார். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறாது. மகள் ஸமீஹா ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னதற்கு, அவர் அனுப்பும் அட்டைப்பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். டீச்சர் அதற்கு மார்க்கும் போட்டிருந்தார்.

எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. இரண்டு பேர் சம்பாதிப்பதை என்றைக்கு நான் ஒருத்தியே சம்பாதிக்கிறேனோ அன்றைக்கு அவர் ஊருக்கு வந்துவிடுவார். என் சம்பளம் பதினெட்டாயிரமாக இருந்த காலத்தில் சிரித்துக்கொண்டே பேசிய பேச்சு அது. இப்போது அவர் அனுப்புவது நாற்பத்தைந்து, நான் வாங்குவது முப்பத்தொன்று. இரண்டையும் கூட்டி மேலே இரண்டாயிரமும் வைத்து, உவரிக்காரி ஒருத்தி நடுரோட்டில் என் கையில் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய இரண்டு வருஷ அக்ரிமென்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் தாளில் வியாழக்கிழமை மதியத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வழக்கம்போல லீவில் வந்துவிட்டு இன்னும் இரண்டு வருஷத்துக்குப் போய்விடுவார். போடாவிட்டால் 'கேன்சல்'. விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு அவர் வேண்டும். மேலப்பாளையத்தில் ஒரு பெண் இதை வாய்விட்டுச் சொன்னால் நாலு பேர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எழுதலாம்தானே, எழுதுகிறேன். தண்ணீர் மோட்டார் ரிப்பேரானால் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்காமல், பக்கத்து அறையைப் பார்த்து "ஏங்க" என்று ஒரு சத்தம் கொடுக்கிற வாழ்க்கை எனக்கு வேண்டும்.

சாயங்காலம் மாமியாரிடம் சொன்னேன். மாமியின் பெயர் மைதீன் பாத்திமா. ஒரு செய்தியை மாமியிடம் சொல்வதும் பள்ளிவாசல் மைக்கில் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். மறுநாள் காலையில் பால்காரர் என்னிடமே கேட்டார்.

"என்னம்மா, தம்பி கேன்சல்ல வாராராமே?"

பத்து மணிக்குள் என் கணவரின் சாச்சா மகன் காஜா முகைதீன் வீட்டுக்கு வந்து, பஜாரில் தன் மொபைல் கடையில் அவருக்கு ஒரு நாற்காலி எப்போதும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கேட்கத் தெருவில் ஆள் இல்லை.

என் கணவர் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் பண்ணுவார். அங்கே அப்போது நாலரை. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். செவ்வாய்க்கிழமை, முந்தின இரவு நான் அனுப்பிய மெசேஜைப் பார்த்துவிட்டு, முகத்தைப் போனுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அஸ்ஃபி, கம்பெனி எப்டி? நல்ல கம்பெனியா?"

"நல்ல கம்பெனிதான் மச்சான்."

"அப்ப நான் ரினிவல்ல போடாம விட்டுறட்டா?"

"வியாழக்கெழம வர டயம் இருக்குல்லா. பேப்பர ஒருதடவ வாசிச்சிட்டுச் சொல்லுதேன்."

"வாசி, வாசி. பைய வாசி," என்றார். பைய என்று வாய்தான் சொன்னது. முகம் முழுக்க அவசரம்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. எழுதாத சட்டம், ஆனால் யாரும் மீறமாட்டார்கள். போனில் நல்லதை மட்டும்தான் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிறவருக்கு இங்கே எல்லாரும் சுகம். இங்கே இருக்கிறவர்களுக்கு அவர் அங்கே சுகம். ஸமீஹாவுக்கு டெங்கு வந்தபோது லேசான காய்ச்சல் என்றேன். அவருக்குக் கால் முறிந்தபோது லேசான சுளுக்கு என்றார். கட்டுப்போட்ட கால் எனக்குத் தெரியாதபடி நாலு வாரம் நெஞ்சுக்கு மேலே மட்டும் படத்தில் காட்டிய மனிதர் அவர். இப்படி ஒருவரையொருவர் பத்திரமாக ஏமாற்றிக்கொண்டு நல்லபடியாகக் குடும்பம் நடத்தி வந்தோம்.

எனக்கு வந்த அக்ரிமென்ட் பத்தொன்பது பக்கம். எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே முறை டெஸ்ட் பண்ணுகிற முறைதான். ஒரு நோட்டை எடுத்து, இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். வங்கி நாற்பதாம் நாள் வேலையை நிறுத்திவிட்டால்? அன்றோடு என் கணக்கு முடிந்தது, நோட்டீஸ் கிடையாது. நானே விலக நினைத்தால்? தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும்? சம்பளம் கிடையாது. ஆறு மாதம் கழித்துப் பெங்களூருக்கு வா என்றால்? போக வேண்டும். பதினேழாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கான்ட்ராக்ட் முடிகிற வரைக்கும் என் டிகிரி சர்டிபிகேட்டின் ஒரிஜினல் அவர்களிடம் இருக்கும்.

இவ்வளவு ஓட்டையோடு ஒரு சாஃப்ட்வேர் என் மேஜைக்கு வந்திருந்தால் செய்தவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பேன். ஆனால் நான் செய்தது வேறு. வங்கி ஏன் நிறுத்தப்போகிறது, நான் ஏன் விலகப்போகிறேன், சர்டிபிகேட் பீரோவில்தானே தூங்குகிறது, அங்கே போய்த் தூங்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஃபெயில் ஆனதற்கு எதிரே பாஸ் என்று எழுதினேன். பதினாறு வரி. பதினாறும் பாஸ்.

புதன்கிழமை காலை அவர், "அந்தப் பேப்பர எனக்கும் அனுப்பு, சும்மா பாக்கேன்" என்றார். அனுப்பினேன். அவருக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று ஆபீசில் ராஜினாமாக் கடிதத்தை அடித்து, கிருபைராஜ் சாருக்கு அனுப்பாமல் அப்படியே வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். மாமி கீழே உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ரசீத்த வாசிக்கச் சொன்னேன்," என்று போனில் ஆரம்பித்தார் என் கணவர். ரசீத் அவருடைய அறையில் இருக்கும் உடன்குடிக்காரர், கேம்ப் ஆபீசில் ஆட்களின் வேலை நேரத்தை எழுதுகிறவர். இங்கிலீஷ் தெரிந்தவர். இந்த ரசீத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

"ஒன் கார்டுல எந்தக் கம்பெனி பேரு இருக்கும்?"

"பெரிய கம்பெனி பேரு."

"சம்பளச் சீட்டுல?"

"கன்சல்டன்சி பேரு. இப்ப எல்லாரும் அப்டித்தான் மச்சான் வேல பாக்குதாங்க."

"ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிடுவாங்களாமே. நீ சொல்லலயே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிடிபட்டவளுக்கு வருகிற கோபம். அதற்குத்தான் வேகம் ஜாஸ்தி.

"இது ஐடி வேல. ஒங்க சப்ளை கம்பெனி மாதிரி இல்ல. ஏசி ரூம்ல ஒக்காந்து வேல பாக்கிறவங்களும், ஒங்களமாரி பஸ்ல அள்ளிட்டுப் போறவங்களும் ஒண்ணா?"

சொன்ன வாயை அங்கேயே தைத்திருக்கலாம். அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாருடைய தலையிலும் ஒரே தொப்பி. தோசை கருகியது. திருப்பிப் போடக் கை வரவில்லை.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. "அங்கன நீ லீவு யாருகிட்ட கேப்ப?"

"மேனேஜர்கிட்ட."

"எந்த மேனேஜர்? கார்டு போட்டவனா, சீட்டு போட்டவனா?"

என் நோட்டில் அந்த வரி இல்லை. எவ்வளவோ எழுதினேன், அதை எழுதவில்லை.

"வாப்பா மவுத்தாப் போனப்ப டிக்கெட் கிடைக்கலன்னு சொன்னேன்லா, அது பொய்," என்றார். "டிக்கெட்ட அன்னைக்கே ரசீத் எடுத்துத் தந்துட்டான். நான் போய் ஆலை சூப்பர்வைசர்ட்ட நின்னேன். நீ எங்க ஆளு இல்லயே, ஒன் கம்பெனில போய்க் கேளுன்னுட்டான். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிருக்குற கம்பெனி ஆபீசு தொண்ணூறு கிலோமீட்டர். டாக்சி பிடிச்சுப் போனேன். ஆலைல லெட்டர் வாங்கிட்டு வா, பாஸ்போர்ட் தாரோம்ங்கான். திரும்பி வந்தா, கம்பெனி கேட்டு எழுதுனாத்தான் லெட்டர் தருவோம்ங்கான். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனான், அஸ்ஃபி. ஒருத்தன்கூட முடியாதுன்னு சொல்லல. நாலு நாளு ரெண்டு எடத்துக்கும் மாறி மாறி ஓடுனேன். நாலாவது நாளு பாஸ்போர்ட் கைல வந்துச்சு. அன்னைக்கி நீங்க மூணாம் நாளு பாத்திஹா ஓதி முடிச்சிட்டிய. அந்தப் பாஸ்போர்ட்ட அங்கனயே திருப்பிக் குடுத்துட்டு டூட்டிக்குப் போயிட்டேன்."

ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மாமனாரின் மய்யித்தை அடக்கம் பண்ணாமல் அன்று சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருந்தார்கள். ஒரே மகன் வந்துவிடுவான் என்று மாமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் மகன் துபாயிலிருந்து மதியமே வந்து நின்றார். தன் மகன் மட்டும் டிக்கெட் இல்லை என்றான். அதற்கு அப்புறம் மாமி மகனுடைய போனைக் கையில் வாங்கியதில்லை. சாப்பிட்டானா என்று கேள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல் என்று என் மூலமாகத்தான் எல்லாம். துட்டுக்குப் பார்த்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அந்த வருஷம் அவர் லீவில் வந்தபோது அதைச் சொல்லியும் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க அப்பமே சொல்லல?"

"போன்ல எப்டிச் சொல்ல? நேர்ல வந்தப்ப எல்லாம் ஆறிப்போச்சு. என் கம்பெனிக்காரன் என்ன நாயா அலையவுட்டான்னு ஊர்ல வந்து சொல்லச் சொல்லுதியா?" பஸ் வந்துவிட்டது. வரிசை நகர்ந்தது. "நீ கிருபைராஜ் சார்ட்டயே இரு. நான் ரினிவல்ல போட்டுறேன். ரெண்டு வருசந்தான, ஓடிரும்."

போன் அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமி இல்லை. பாதி ஆய்ந்த மீன் சட்டியில் கிடந்தது. கொல்லைப்புறம் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆபீசுக்குப் போய் மாடிப்படியில் நின்று வினோலியாவுக்குப் போன் போட்டேன்.

"வினோலியா, ஒரே ஒரு சந்தேகம். எனக்கு அவசரமா லீவு வேணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

"அதுக்கு போர்ட்டல் இருக்குக்கா. நீங்க க்ளையன்ட் மேனேஜர்கிட்ட கேளுங்க."

"அவரு தருவாரா?"

"அவரு எங்ககிட்ட கேப்பாருக்கா. நீங்க எங்க ஆளுல்லா."

"நீங்க தருவியளா?"

"நாங்க க்ளையன்ட் ஓகே சொல்லிட்டா தருவோம்."

"க்ளையன்ட் உங்ககிட்ட கேப்பாருன்னியளே."

"ஆமாக்கா." கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவளும் ஏதோ ஒரு மாடிப்படிக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். "அக்கா, இத நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதிய. நானும் இங்கன கான்ட்ராக்ட்தான். எனக்குச் சம்பளம் போடுறது வேற கம்பெனி. எங்க அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். ரெண்டு நாள் லீவு எழுதிப் போட்டேன். இன்னும் பரிசீலனைல இருக்குன்னு காட்டுது."

"என்னைக்கு ஞானஸ்நானம்?"

"அது போன மாசமே முடிஞ்சிட்டுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "ஆஃபர் வேண்டாம்னு எழுதிறட்டாக்கா?" என்று அவளே கேட்டாள்.

"எழுதிரு," என்றேன்.

கடிகாரம் பதினொன்றே முக்கால். அங்கே ஒன்பதே கால். மதியம் அங்கே பன்னிரண்டு மணிக்குக் கேம்ப் ஆபீஸ் மூடும், அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆபீசில் எல்லார் முன்னாலும் பேசக்கூடிய பேச்சு இல்லை இது. கிருபைராஜ் சாரின் கதவைத் தட்டினேன்.

"சார், வீட்டுக்குப் போணும்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிட்டு வாம்மா," என்றார். அவ்வளவுதான். என்ன ஏது என்று கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனையோ முறை கேட்ட வார்த்தை. இதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்கு வரை தோன்றியதில்லை. ஆற்றுப் பாலத்தில் வரும்போது அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினேன்.

மாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மீனைக் கழுவவில்லை, சோறு வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "அவனுக்குப் போன் போடு," என்றார்.

மூன்றாவது முறைதான் எடுத்தார். கையெழுத்துப் போட டூட்டியிலிருந்து அனுப்பியிருந்தார்கள், கேம்ப் ஆபீசில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கையில் நம்பர் எழுதிய சீட்டு.

"மச்சான், கையெழுத்துப் போடாதிய."

"ஏன், நீ அதுல சேரப்போறியா?"

"இல்ல. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப எப்டி? ரெண்டும் இல்லன்னா எப்டி அஸ்ஃபி?"

"எனக்குத் தெரியல. முப்பத்தொண்ணு இருக்கு. காஜா முகைதீன் கடைல நாற்காலி இருக்குன்னு சொல்லிருக்காரு. பத்தாது, எனக்கும் தெரியும். வீட்டு லோன் இருக்கு, ஸமீஹா படிப்பு இருக்கு. எல்லாம் இழுத்துப் பிடிச்சுத்தான் போகும். நான் காலைல சொன்னது தப்பு மச்சான். பேப்பர்ல அத்தனையும் தெரிஞ்சும் நல்ல கம்பெனின்னு பொய் சொன்னேன். நீங்க வரணும்னுதான் சொன்னேன். இப்பம் பொய் சொல்லாமச் சொல்லுதேன், வந்துருங்க."

படத்தில் அவருடைய தாடையும், பின்னால் ஒரு டியூப் லைட்டும் மட்டும் தெரிந்தன. தாடையில் நரை நிறைய இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் வந்த நரை.

"அவசரப்படாத. இந்த ஒரு தடவ போட்டுறேன். லோன் முடிஞ்சிரும். அடுத்த தடவ கண்டிப்பா…"

மாமி கையை நீட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு போனைக் கொடுத்தேன். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், கண்ணாடி பார்ப்பதுபோல முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே சல்மானு."

"உம்மா?" அந்தக் குரல் பதறிவிட்டது. பதினான்கு வருஷ ஸ்டோர் கீப்பரின் குரலாக இல்லை அது.

"ஒன்னய ஆறு வருசமா நான் தப்பா நெனச்சிட்டு இருந்துட்டேன். நீ என்னைய மன்னிச்சிரு."

"என்னும்மா நீங்க, இப்டில்லாம்…"

"பேசாத, கேளு. ஒங்க வாப்பா மய்யித்துக்கு நீ நாலு நாளு எவன் எவன்ட்டயோ போய்க் கெஞ்சிட்டு நின்னிருக்க. சரி, அது முடிஞ்சு போச்சு. அடுத்தது எனக்குத்தான். எனக்கு ஒரு புடி மண்ணு போட நீ எவன்ட்டயும் போய் லீவு கேக்கக் கூடாது. நான் சொல்லுதது வெளங்குதாலே?"

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் இந்தியில் நம்பரைக் கூப்பிட்டார். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் கணவரின் குரல் கேட்டது, அதே இந்தியில்.

"எனக்கு வேண்டாம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."